குல்மார்க்கில் கயிறு தாண்டி இறங்கலாமா? பனிச்சரிவு பற்றி ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பிப்ரவரி நடுவில் நான்கு பேர் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகிறீர்கள். இருவருக்கு ஸ்கீ நன்றாகத் தெரியும், இருவருக்கு நடைதான். அங்கே பேசிவைத்திருக்கும் கைடு, கோண்டோலா எனும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் வரை ஏறி, ஸ்கீ மைதானத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டி இறங்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். நடக்கிற இருவரும் அப்புறம் உத்தராகண்டில் ஒரு பனி ட்ரெக் போக நினைக்கிறார்கள். பனிச்சரிவு உண்மையிலேயே அஞ்ச வேண்டிய விஷயமா, ஆளுக்கொரு பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், தேடும் சிறு கருவி) இருந்தால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

அஞ்ச வேண்டிய விஷயம்தான். பீக்கன் போதாது. ஆனால் எந்தச் சாய்வில் கால் வைப்பது, எதன் அடியில் நிற்பது என்ற இரண்டையும் நீங்களே பார்த்து முடிவு செய்யக் கற்றுக்கொண்டால் ஆபத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். பனியின் நிலை உங்கள் கையில் இல்லை, வானிலையும் இல்லை. எந்த இடத்துக்குப் போவது என்பது மட்டும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் பதில் முழுவதும் அதைப் பற்றித்தான்.

குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலாவின் முதல் கட்டம் 3,080 மீட்டரில் உள்ள கொங்டூரி வரை. 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம், அஃபர்வத் மலையின் தோளில் கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. டிக்கெட் எடுத்தால் யாரும் ஏறிவிடலாம். மேலே இறங்கி நிற்கும்போது கண்ணுக்கு எட்டிய வெள்ளை முழுவதும் ஒரே ஸ்கீ மைதானம் என்றுதான் தோன்றும். உண்மையில் கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள அகன்ற பள்ளத்தில்தான் ஸ்கீ ரோந்துக் குழு பனியைச் சோதித்து, தேவைப்பட்டால் வெடி வைத்துச் சரியவிட்டு, பிறகு திறக்கிறது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது காட்டு மலை. அங்கே யாரும் எதையும் சோதித்து வைக்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பனி ஒரே நிறத்தில்தான் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இங்கே நடந்தவற்றைப் பாருங்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹபத்குட் பகுதியில் சரிவு விழுந்து போலந்து நாட்டு ஸ்கீயர்கள் இருவர் இறந்தார்கள். கூட இருந்த பத்தொன்பது வெளிநாட்டவர்களும் உள்ளூர் கைடுகள் இருவரும் மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் ஒரு ரஷ்யப் பயணி இறந்தார். அதற்கெல்லாம் முன்பு, 2010 பிப்ரவரி 8 அன்று, அதே கிலன்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்களைச் சரிவு கொன்றது. பனிமலையில் இயங்கப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. தேதிகளைக் கவனித்தீர்களா? எல்லாம் பிப்ரவரி. சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி கடைசியில் முடிகிறது. அதையொட்டி மேற்கிலிருந்து அடுத்தடுத்து வரும் வானிலை இடையூறுகள் பெரும்பனியைக் கொட்டுகின்றன. ஸ்கீ ஆட்கள் காத்திருக்கும் மாதமும் அதுதான்.

2024-ஐக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரி காஷ்மீரில் அபூர்வமாக வறண்டது. குல்மார்க்கில் புல்தரை தெரிகிற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பிப்ரவரியில்தான் பனி வந்தது, அதுவும் மொத்தமாக வந்தது. பெருமழைபோலப் பனி கொட்டி ஓய்ந்து, ஆட்கள் ஆவலோடு மேலே ஏறிய நேரத்தில் சரிவு. வறண்ட குளிர், அதன்மேல் திடீர்ப் பெரும்பனி, அப்புறம் நீல வானம். இந்த வரிசை எங்கே வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்று புரிய, பனிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பனிச்சரிவில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல விரிந்து இறங்கும் உதிரிப் பனி. பெரும்பாலும் சிறியது, தள்ளிவிட்டுப் போகும். மற்றது பலகைச் சரிவு. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஒட்டிக்கொண்ட ஒரு கனமான அடுக்கு மேலே. அதற்குக் கீழே ஒட்டாத, பலவீனமான மெல்லிய அடுக்கு. சாய்த்துவைத்த மரப்பலகையின் மேல் கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் இன்னொரு பலகையை வைத்ததுபோல. ஒருவர் மேலே நடக்கும்போதோ ஸ்கீ ஓட்டும்போதோ அந்தக் கீழ் அடுக்கு ஓரிடத்தில் உடைகிறது. உடைப்பு பக்கவாட்டில் ஓடுகிறது. முழுச் சரிவும் ஒரே நேரத்தில் கழன்றுகொள்கிறது. விரிசல் உங்கள் காலுக்கு அடியில் விழாது, பல மீட்டர் மேலே விழும். நீங்கள் நிற்பது ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்ட பலகையின் நடுவில். சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஸ்கீ ஓட்டித் தப்பிக்கலாம் என்பவர்கள் கணக்கை இங்கே சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பலவீன அடுக்கு எப்படி உருவாகிறது? தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட பூஜ்ய டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு இரவுக் குளிரில் மைனஸ் பதினைந்துக்குப் போகலாம். நடுவில் பனி ஒன்றரை மீட்டர் தடிமனாக இருந்தால் இந்த வேறுபாடு மெதுவாகப் பரவிவிடும். வெறும் நாற்பது சென்டிமீட்டர் என்றால், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கும் அதிகமாக வெப்பநிலை மாறும். அப்போது நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களைக் கோணல் கோணலான படிகங்களாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சீனிபோல ஓடும், உருண்டை பிடிக்க முடியாது. மலை ஆட்கள் இதைச் சீனிப் பனி என்றே சொல்கிறார்கள். குறைந்த பனியும் நீண்ட குளிரும் சேர்ந்தால் அடித்தளம் இப்படிக் கெடும். அதன்மேல் ஒரு மீட்டர் புதுப்பனி வந்து உட்கார்ந்தால் மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதனால் "இந்த வருஷம் பனி கம்மி, ஆபத்தும் கம்மி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நேரம் நேர்மாறானது.

காற்றை மறக்கக்கூடாது. மலையில் பனியை ஏற்றி இறக்கும் வேலையைச் செய்வது காற்றுதான். வானத்திலிருந்து முப்பது சென்டிமீட்டர் விழுந்த நாளில், காற்று மறைவான பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்கலாம். மேற்கிலிருந்து காற்று வரும் இந்த மலைகளில் முகட்டின் கிழக்கு, வடகிழக்குப் பக்கங்கள் கூடுதல் சுமை ஏறிய பக்கங்கள் என்று தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்தந்தப் பள்ளத்தில் காற்று எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டும். முகட்டு விளிம்பில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பனிக்கூரை எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கம்தான் சுமை.

நம் இமயமலை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. பீர் பஞ்சால் தொடர், அதாவது குல்மார்க்கும் மணாலிச் சுற்றுவட்டாரமும், பனி நிறைய விழும், ஓரளவு வெப்பம் கூடிய பகுதி. இங்கே சரிவுகள் பெரும்பாலும் பொழிவின்போதும் அது நின்ற ஓரிரு நாட்களிலும் விழுகின்றன. உள்ளே தள்ளி லடாக், காரகோரம் பக்கம் போனால் கடுங்குளிர், குறைந்த பனி. அங்கே சீனிப் பனி குளிர்காலம் முழுக்க அடியில் கிடந்து, பொழிவு நின்று வாரங்கள் கழித்தும் வேலையைக் காட்டும். ஒரு பகுதியில் படித்த பாடத்தை அப்படியே இன்னொரு பகுதிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

சரி, இத்தனையும் பனிக்கு உள்ளே நடப்பது. குழி தோண்டி அடுக்குகளைப் படிக்க நிபுணர்களுக்கே வருடங்கள் ஆகும், அதிலும் பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் பதில் மாறலாம். உங்கள் இருவரால் அடுத்த மாதத்துக்குள் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் சாய்வின் கோணத்தை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சாய்வுகளில் கிளம்புகின்றன. அதிலும் 35-க்கும் 40-க்கும் இடையில் அதிகம். 30-க்குக் கீழே கிளம்புவது அரிது. 50-ஐத் தாண்டினால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். கொடுமை என்னவென்றால், நல்ல ஸ்கீயர் ஆசைப்படும் சாய்வும் அதே 35 முதல் 40 டிகிரிதான். 28 டிகிரியில் இறங்குவதும் இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் அதை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

கண்ணளவில் கோணத்தைச் சொல்லாதீர்கள், எல்லோருக்கும் தப்பும். கைபேசியில் சாய்வுமானி செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, ஸ்கீ கம்பைச் சரிவில் படுக்கவைத்து அதன்மேல் கைபேசியை வைத்தால் போதும். ஆனால் அங்கே நின்று அளப்பது என்றால் ஏற்கெனவே அந்தச் சரிவில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். முந்தைய நாளே வரைபடத்தில் பாருங்கள். 40 மீட்டர் இடைவெளியில் உயரக் கோடுகள் போட்ட 1:50,000 வரைபடத்தில், கோடுகளுக்கு இடையில் 1.4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த இடம் 30 டிகிரிக்கு மேல். செயலிகளில் சரிவுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதியும் உண்டு. நம் பக்கம் அதற்கு அடிப்படையான உயரத் தரவு சொரசொரப்பானது. பத்துப் பதினைந்து மீட்டர் அகலமுள்ள ஒரு செங்குத்துத் துண்டை அது விழுங்கிவிட்டு, எல்லாம் 27 டிகிரி என்று காட்டும். ஆகவே செயலி "ஆபத்து" என்றால் நம்புங்கள், "பரவாயில்லை" என்றால் நேரில் பாருங்கள்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம்: நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும் மேலே என்ன தொங்குகிறது? 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மலையேற்றக்காரர்கள் இல்லை, வண்டியில் வந்தவர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு மேலே மாணா அருகில் எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாம் மேல் சரிவு விழுந்தது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேரை உயிரோடு மீட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். பலர் இரும்புக் கன்டெய்னருக்குள் இருந்ததும், உள்ளே மூச்சுவிடக் காற்று மிஞ்சியதும் பிழைத்ததற்கு ஒரு காரணம். சரிவு கிளம்பும் இடம் ஒன்று, அது ஓடி வந்து ஓயும் இடம் வேறு. நிற்கிற இடத்திலிருந்து மேலே உள்ள சரிவின் உச்சியைப் பார்க்கும் கோணம் 18 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக அது உங்களை எட்டாது. அதைவிடச் செங்குத்தாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தால், அங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். மரங்கள் ஒரே பக்கக் கிளையோடு நிற்கும் இடம், காட்டுக்கு நடுவே காரணமில்லாமல் வெட்டவெளியாக இறங்கும் ஒரு பட்டை, இவை எல்லாம் முன்பு சரிவு ஓடிய தடங்கள்.

கீழே என்ன இருக்கிறது என்பதும் கணக்கு. சிறிய சரிவுகூட ஓர் ஓடைப் பள்ளத்துக்குள் தள்ளினால் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும். பாறை விளிம்புக்கு மேலே என்றால் புதையாமலே முடிந்துவிடும். விழுந்தால் எங்கே போய் நிற்பேன் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எச்சரிக்கை அறிக்கைகள் பற்றி. ஸ்விட்சர்லாந்தில் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு, எந்த உயரத்துக்கு மேலே, எந்தத் திசைச் சரிவில், என்ன வகைச் சிக்கல் என்று வெளியிடும். அங்கே உள்ள தமிழர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் வேலை பாதி சுலபம். இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் வரும் சண்டிகர் மையம் அறிக்கை தருகிறது. 1969 முதல் மணாலியில் இயங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் தொடர்ச்சி அது. "பந்திபோரா, குப்வாரா மாவட்டங்களில் 2,800 மீட்டருக்கு மேல் மிதமான அபாயம்" என்ற அளவில் அறிக்கை இருக்கும். சாலை, ராணுவ முகாம், கிராமம் இவற்றுக்காக எழுதப்பட்டது. ஹபத்குட்டின் வடக்குச் சரிவில் இன்று இறங்கலாமா என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. மாவட்டத்துக்கே எச்சரிக்கை வந்துவிட்டால் மேலே போகாதீர்கள். வரவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தகைய அறிக்கைகளில் வரும் ஐந்து படி அபாய அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3 என்றதும் நடுத்தரம் என்று நினைக்கத் தோன்றும். ஆல்ப்ஸில் ஸ்கீ, மலையேற்ற விபத்துச் சாவுகளில் கிட்டத்தட்ட பாதி 3-ஆம் படியில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3-இல் சூரியனும் இருக்கும், புதுப்பனியும் இருக்கும், தைரியமும் இருக்கும்.

அறிக்கை இல்லாத இடத்தில் மலையே சில தகவல்களைத் தருகிறது. அருகில் புதிதாக விழுந்த பனிச்சரிவு ஒன்றைப் பார்த்தால், அதே திசை நோக்கிய எல்லாச் சாய்வுகளும் அதே நிலைதான் என்று கொள்ளுங்கள். நடக்கும்போது காலடியில் "வும்" என்று அமுங்கும் சத்தம் கேட்டால், அது பலவீன அடுக்கு உடைகிற சத்தம். சமதளத்தில் கேட்டதால் பிழைத்தீர்கள். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலும் அப்படித்தான். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, விவாதமே வேண்டாம். ஒரு நாளில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி, பலத்த காற்று, திடீர் வெப்பம் அல்லது மழை, இவையும் அதே பட்டியலில் வரும். பொழிவு நின்றபின் குறைந்தது இரண்டு நாள் செங்குத்துச் சரிவுகளை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பனி காத்திருக்கும். உங்கள் லீவுதான் காத்திருக்காது.

அந்த லீவுதான் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்காகப் போய்ச் சரிவில் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பியது அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான். மலை அவர்கள்மேல் தானாக விழவில்லை. இயன் மெக்கேமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருபது ஆண்டுகளுக்கு முன்பு நூற்றுக்கணக்கான விபத்துகளை எடுத்துப் பார்த்தார். அறிகுறிகள் கண்முன் இருந்தும், ஓரளவு பயிற்சி பெற்றவர்களும் உள்ளே போயிருந்தார்கள். பழகிய சரிவு என்ற நம்பிக்கை, திட்டத்தை மாற்ற மனமின்மை, கூட்டத்தில் கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதி, வேறு தடங்கள் தெரிகின்றன என்ற தைரியம், புதுப்பனியை நாமே முதலில் தொட வேண்டும் என்ற அவசரம். சென்னையிலிருந்து விமானம், ஹோட்டல், கைடு முன்பணம் என்று செலவழித்துவிட்டு நான்கு நாள் மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இந்த ஐந்தும் ஒன்றாக வந்து சேரும். முடிந்தால் இரண்டு நாளைக் கூட்டுங்கள். முடியாவிட்டால், மேலே போகாமல் திரும்பினாலும் பணம் வீணில்லை என்ற பேச்சை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள். அஃபர்வத்தின் மேலே, காற்றில் நின்றுகொண்டு, நால்வரில் ஒருவர் மட்டும் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்வது மிகக் கஷ்டம். ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக்கூடாது என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

நிபுணர் கூட இருந்தால் போதும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா-2 சிகரத்துக்குச் சற்றுக் கீழே சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. இந்தியாவின் மிகத் தேர்ந்த மலையேற்ற ஆசிரியர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். பலரும் ஒரே சாய்வில் இருந்தது இழப்பைப் பெருக்கியது. இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. பனிக்கு யாருடைய சான்றிதழும் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் கைடு விஷயத்தில் நான் சொல்வது இது: அவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கம் இருந்தது? எந்த இறக்கம், அதன் கோணம் என்ன? இன்று எந்த இடத்துக்குப் போகமாட்டீர்கள், ஏன்? கடைசிக் கேள்விதான் முக்கியம். நல்ல கைடு உடனே இரண்டு மூன்று இடம் சொல்வார், காரணமும் சொல்வார். "எல்லா இடமும் ஓகே சார், நான் பத்து வருஷமா போறேன்" என்பவரோடு கயிறு தாண்டாதீர்கள். அவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. ஒரு தவறான முடிவு பத்தில் ஒன்பது தடவை தண்டனையில்லாமல் போய்விடும், அதனால் அனுபவம் தப்பான பாடத்தையும் கற்றுக்கொடுக்கும்.

இப்போது கருவிகள். பீக்கன், புரோப் எனும் மடக்குக் கம்பு, உலோக மண்வாரி. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கருவி, அதுவும் ஆளுக்கு ஒரு செட். பீக்கன்கள் எல்லாம் உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன, எனவே எந்த நிறுவனத்துடையதானாலும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் கருவியா, பேட்டரி முழுசா என்று பார்த்து எடுங்கள். உடம்போடு ஒட்டி, மேல்சட்டைக்கு உள்ளே மாட்ட வேண்டும். பையில் போட்டால் சரிவு பையைப் பிடுங்கிக்கொண்டு போகும். கைபேசியைப் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது அரை மீட்டர் தள்ளி வையுங்கள், அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

நேரக் கணக்கு இது. ஸ்விட்சர்லாந்தின் நாற்பது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வந்த ஆய்வின்படி, முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அது பத்தில் மூன்றாகிவிடுகிறது. புதைந்தவர் அசைய முடியாது, ஓடி நின்ற பனி உடனே இறுகிவிடும். பெரும்பாலோர் இறப்பது குளிரால் இல்லை, மூச்சுத்திணறலால். ஆக, மீட்புக் குழுவோ ஹெலிகாப்டரோ இந்தப் பத்து நிமிடத்துக்குள் வராது. மீட்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் உங்கள் நண்பர். அவருக்குத் தேடத் தெரியாவிட்டால் உங்கள் கழுத்தில் தொங்கும் பீக்கன் உடலைக் கண்டெடுக்க மட்டுமே உதவும். ஊரிலேயே, மெரினா மணலில்கூட, ஒரு பீக்கனைப் பையில் சுற்றிப் புதைத்துவிட்டுத் தேடிப் பழகலாம். சிக்னல் கிடைத்ததும் திரையில் தூரத்தைக் காட்டும் எண் குறையும் திசையில் போவது, கடைசி மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைத்துப் பரப்பை ஒட்டிக் குறுக்கும் நெடுக்கும் பார்ப்பது, மிகக் குறைந்த எண் வந்த இடத்திலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாகக் கம்பைக் குத்துவது, தட்டுப்பட்டால் கம்பை அங்கேயே விட்டுவிட்டுச் சற்றுக் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுவது. தோண்டுவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், ஒரு மீட்டர் ஆழம் என்றாலே டன் கணக்கில் பனி.

ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே என்று சியாச்சினை நினைவுபடுத்துபவர்கள் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,500 அடி உயரத்தில், 19-வது மெட்ராஸ் படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டவர்கள். ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரர் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு கிடைத்தார், பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். அவரைச் சுற்றிக் காற்று தங்கிய இடம் இருந்தது. அப்படி ஓரிடம் அமைவது மிக மிக அரிது. அதைக் கணக்கில் சேர்த்து யாரும் திட்டம் போட முடியாது.

காற்றுப்பை முதுகுப்பை வாங்கலாமா என்றால், வசதி இருந்தால் வாங்குங்கள். பெரிய சரிவில் சிக்கியவர்களில் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. பாறையில் மோதுவதை அது தடுக்காது. விமானத்தில் அதன் வாயு உருளைக்கு முன் அனுமதி தேவைப்படும், அதையும் பாருங்கள்.

நகரும் முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். சந்தேகமான சாய்வில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் அவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், அதுவும் சரிவு எட்டாத இடத்தில் நின்று. இறங்கியவர் சரிவின் அடியிலேயே நின்று படம் எடுக்கக்கூடாது, பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். கிளம்பும் முன் எல்லோருடைய பீக்கனும் சிக்னல் அனுப்புகிறதா என்று ஒவ்வொருவராகச் சோதிக்க வேண்டும்.

உங்கள் நால்வருக்கும் என் யோசனை இது. ஸ்கீ தெரிந்த இருவரும் முதல் இரண்டு நாள் ரோந்துக் குழு திறந்துவைத்த பள்ளத்தை விட்டு வெளியே போகாதீர்கள், அதுவே போதுமான அளவு பெரியது. பொழிவு நின்று இரண்டு நாள் ஆகி, புதிய சரிவுகள் எதுவும் கண்ணில் படாமல், கைடு கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால், பாபா ரேஷி பக்கம் காட்டுக்குள் இறங்கும் சாய்வு குறைந்த வழிகளைக் கேளுங்கள். மரம் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், ஸ்கீ ஓட்ட இடம் இருக்கும் அளவுக்கு விலகி நிற்கும் மரங்கள் பனியைப் பிடித்து நிறுத்துவதில்லை. அங்கேயும் கோணம்தான் பேசும். ஹபத்குட் இந்தத் தடவை வேண்டாம்.

நடப்பவர்களுக்கு உத்தராகண்டின் கேதார்காந்தா சரியான தேர்வு. சாங்க்ரியிலிருந்து போகும் வழக்கமான பாதை பெரும்பாலும் காட்டிலும் முகட்டை ஒட்டியும் போகிறது. உச்சிக்கு முன்னால் உள்ள கடைசி ஏற்றத்தில் மட்டும், புதுப்பனி விழுந்த மறுநாள் என்றால் லீடரிடம் கேளுங்கள், திரும்பினால் கோபப்படாதீர்கள். ரூபின் கணவாய் போன்றவை வேறு கதை. கடைசியில் செங்குத்தான பனி ஓடை ஒன்றில் ஏற வேண்டும். மே, ஜூனில் போனாலும் வெயில் ஏறுவதற்குள் அதைக் கடந்துவிட வேண்டும். ஈரப்பனிச் சரிவுகளுக்கு மதியம்தான் நேரம். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்புகிறார்களே என்று ட்ரெக்கர்கள் திட்டுவதற்கான காரணம் இதுதான்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியை அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் இந்தியச் சட்டப்படி குற்றம், பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பயணக் காப்பீட்டில் எல்லைக் கயிறு தாண்டிய ஸ்கீ சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் இருக்காது. எந்த இறக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று நடக்கும் இருவரிடமும் ஹோட்டலிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசர எண் 112. முதல் பத்து நிமிடம் தேடிவிட்டு அழைப்பதா, முதலிலேயே அழைப்பதா என்று கேட்பார்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவர் அழைக்கட்டும், இருவர் தேடட்டும். ஒரே ஆள் மிஞ்சியிருந்தால் முதலில் தேட வேண்டும்.